மிராக்கிள்மேன்: கடைசித் தொகுதி எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி பக்கம் காமிக்ஸைக் கைமாற்றிப் படிக்கிற நண்பர்கள் 'மிராக்கிள்மேன்' என்ற ஆங்கில காமிக்ஸ் தொடர் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதற்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன். இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த மாமாக்களும் கேட்கிறார்கள், சினிமா பார்த்துவிட்டு காமிக்ஸ் பக்கம் வந்த தம்பி தங்கைகளும் கேட்கிறார்கள். சில பதில்களில் கதையின் முடிவு வருகிறது. அந்தக் கேள்விகளில் அதைச் சொல்லியிருக்கிறேன். படிக்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

இது என்ன கதை?

மைக் மோரன் இங்கிலாந்தில் ஒரு பத்திரிகைக்காரர். நடுத்தர வயது, ஓயாத தலைவலி, பறப்பது போல ராத்திரியில் கனவு. அணுமின் நிலையமொன்றுக்குச் செய்தி சேகரிக்கப் போன இடத்தில் ஆயுதக் கும்பலிடம் மாட்டிக்கொள்கிறார். அரைமயக்கத்தில் இழுத்துக்கொண்டு போகும்போது ஒரு கண்ணாடிக் கதவில் 'அட்டாமிக்' என்று எழுதியிருப்பதை மறுபக்கமிருந்து தலைகீழாகப் பார்க்கிறார். அதை அப்படியே வாசித்து 'கிமோட்டா' என்றதும் வேறோர் உடம்புக்குள் வந்துவிடுகிறார். 18 வருடங்களாக மறந்துபோயிருந்தது எல்லாம் நினைவுக்கு வருகிறது.

வீட்டுக்குத் திரும்பி மனைவி லிஸ்ஸிடம் பழைய சாகசங்களைச் சொல்கிறார். லிஸ் சிரித்துவிடுகிறாள். மந்திரச் சொல், நீல உடுப்பு, கூட வரும் இரண்டு பையன்கள், பைத்தியக்கார விஞ்ஞானி என்று சிறுபிள்ளைக் கதை மாதிரி இருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? தன் வாழ்க்கையைக் கேட்டுச் சிரிக்கிறாளே என்று அவருக்குக் கோபம் பொங்குகிறது. அந்தக் கோபம் நியாயம்தான், அவள் சிரித்ததும் நியாயம்தான். இந்த ஒரு காட்சியில் தொடர் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பேன். சிறுவர்களுக்காக எழுதிய ஒரு மகாவீரன் நிஜ உலகத்தில் வந்து நின்றால் அவனுக்கும் உலகத்துக்கும் என்ன ஆகும் என்பதுதான் கதை.

மார்வெல்மேன், மிராக்கிள்மேன் என்று ஏன் இரண்டு பெயர்?

ஆரம்பத்தில் மார்வெல்மேன். பெயர் மாறியதற்கும், தொடர் இத்தனை வருடம் முடங்கிக் கிடந்ததற்கும் வேர் ஒன்றே. இந்தக் கதாபாத்திரம் யாருக்குச் சொந்தம் என்பது பல காலம் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

1940இல் அமெரிக்காவின் ஃபாசெட் நிறுவனம் 'கேப்டன் மார்வெல்' என்ற வீரனைக் கொண்டுவந்தது. ஒரு சிறுவன் மந்திரச் சொல்லைச் சொன்னதும் மாவீரனாகிவிடுவான். இது சூப்பர்மேனின் நகல் என்று சூப்பர்மேனின் பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். வருடக்கணக்கில் இழுத்து, 1953இல் ஃபாசெட் 4,00,000 டொலர் கொடுத்துச் சமரசமாகி அந்த வீரனை நிறுத்திவிட்டது. அதே கதைகளை இங்கிலாந்தில் மறுபதிப்புப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தது எல். மில்லர் என்ற பதிப்பகம். கையில் சரக்கு தீர்ந்துபோனதும் மிக் ஆங்லோ என்பவரைப் பிடித்தார்கள். அவர் உடுப்பையும் தலைமுடி நிறத்தையும் மந்திரச் சொல்லையும் மாற்றி, 1954 பெப்ரவரியில் மார்வெல்மேனை இறக்கினார். இதழ் எண்ணைக்கூட 1 என்று தொடங்கவில்லை, பழைய வரிசையையே தொடர்ந்து 25 என்று போட்டார்கள். 1963இல் 370ஆம் இதழோடு அது நின்றது.

1982இல் டெஸ் ஸ்கின் 'வாரியர்' என்ற மாத இதழைத் தொடங்கி, அப்போது அதிகம் பேர் அறியாத எழுத்தாளர் ஆலன் மூரிடம் மார்வெல்மேனைக் கொடுத்தார். முதலில் கேரி லீச், பிறகு ஆலன் டேவிஸ் வரைந்தார்கள். உள்ளே மனஸ்தாபம், வெளியே 'மார்வெல்' என்ற பெயர் எங்களுடையது என்று அமெரிக்க மார்வெல் நிறுவனத்தின் வக்கீல் கடிதம். 1984இல் 21ஆம் இதழோடு கதை பாதியில் நின்றது. மறு வருடம் கலிபோர்னியாவின் எக்லிப்ஸ் பதிப்பகம் அதை எடுத்துத் தொடர்ந்தபோதுதான், தொல்லை வேண்டாமென்று மிராக்கிள்மேன் என்று பெயர் மாற்றினார்கள். ஆகஸ்ட் 1985இல் முதல் இதழ் வந்தது.

சபிக்கப்பட்ட தொடர் என்கிறார்களே, அப்படி என்ன நடந்தது?

சாபம் எல்லாம் கிடையாது. யாருடைய சொத்து என்று எழுதிவைக்காமல் ஆளுக்கு ஆள் கைமாற்றினால் எதற்கும் இந்தக் கதிதான். ஆனால் கஷ்டகாலம் என்று சொல்வதற்கு நிறையவே இருக்கிறது.

1986 பெப்ரவரியில் எக்லிப்ஸ் அலுவலகத்துக்குள் ஆற்று வெள்ளம் புகுந்து அழித்தது. 8ஆம் இதழுக்குப் பழைய கதைகளைப் போட்டு ஒப்பேற்றினார்கள். மூன்றாம் தொகுதியை வரைந்த ஜான் டோட்டில்பெனுக்கு, பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் விழித்திரை நோய். அதிலுள்ள 15ஆம் இதழின் பக்கங்களைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். இதழ்கள் மாதக்கணக்கில் தாமதமானது ஏன் என்பதும் புரியும், எவ்வளவு பெரிய கலைஞர் என்பதும் புரியும்.

மூர் 1989 டிசம்பரில் 16ஆம் இதழோடு தன் கதையை முடித்தார். அடுத்த இதழிலிருந்து நீல் கெய்மன் எழுத, மார்க் பக்கிங்ஹாம் வரைந்தார். 24ஆம் இதழோடு அதுவும் நின்றது. 25ஆம் இதழ் எழுதி வரைந்து முடிந்தும் அச்சேறவில்லை. 1994இல் எக்லிப்ஸ் மூடப்பட்டு, பிறகு திவாலாகிவிட்டது. 1996இல் அதன் சொத்துகளை 25,000 டொலருக்கு வாங்கினார் 'ஸ்பான்' காமிக்ஸ் புகழ் டாட் மெக்ஃபார்லேன். கெய்மனுக்கும் அவருக்கும் நடந்த வழக்கு முக்கியமாக வேறு சில கதாபாத்திரங்கள் பற்றியது. 2002இல் ஜூரி கெய்மன் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2004இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. ஆனால் மிராக்கிள்மேன் யாருக்கு என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை.

விடை 2009இல் வந்தது. உரிமை தொடக்கத்திலிருந்தே மிக் ஆங்லோவிடம்தான் இருந்தது என்று சொல்லி, மார்வெல் நிறுவனம் அவரிடமிருந்து அதை வாங்கியது. பெயரைப் பயன்படுத்தாதே என்று கடிதம் போட்ட அதே நிறுவனம்! ஆங்லோ 2011இல் காலமானார். மூர் கதையின் மறுபதிப்பு 2014 ஜனவரியில்தான் தொடங்கியது, அவர் அதைப் பார்க்கவில்லை.

அப்படியென்றால் கடைசித் தொகுதி எது? வந்துவிட்டதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். என் பதில்: வந்து பல வருடமாகிவிட்டது. மூரின் மூன்றாம் தொகுதியான 'ஒலிம்பஸ்'தான் இந்தக் கதையின் முடிவு.

பட்டியலைப் பார்த்துக் குழம்பவேண்டாம். மூரின் கதை மூன்று தொகுதி: 'எ ட்ரீம் ஆஃப் ஃப்ளையிங்', 'தி ரெட் கிங் சின்ட்ரோம்', 'ஒலிம்பஸ்'. அதன் பிறகு கெய்மன் மூன்று தொகுதி எழுதுவதாகத் திட்டமிட்டார். 'கோல்டன் ஏஜ்' எக்லிப்ஸ் காலத்திலேயே முடிந்துவிட்டது. பாதியில் நின்ற 'சில்வர் ஏஜ்' 2022 அக்டோபரில் மறுபடி தொடங்கி ஏழு இதழ்களில் நிறைவடைந்தது. பக்கிங்ஹாம் தன் பழைய பக்கங்களைப் புதிதாக வரைந்தார், அச்சேறாத அந்த 25ஆம் இதழும் அதற்குள் வந்துவிட்டது. மூன்றாவதான 'டார்க் ஏஜ்' வெளிவரவில்லை.

நண்பர்களில் சிலர், எல்லாம் வந்து முடியட்டும், பிறகு மொத்தமாகப் படிப்போம் என்று காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன். மூரின் மூன்று தொகுதிகளில் முடிச்சு ஒன்றுகூட அவிழாமல் நிற்கவில்லை. ஆரம்பத்தில் லிஸ் சிரித்தாளே, அதற்குப் பதில் கடைசிப் பக்கத்தில் கிடைக்கிறது. கெய்மன் எழுதியது அந்த முடிவுக்கு அப்புறம் அந்த உலகத்தில் வாழ்கிறவர்களின் கதை. நல்ல கதை, ஆனால் வேறு கதை.

'டார்க் ஏஜ்' எப்போதாவது வருமா?

வருமென்று நம்பிப் பணத்தை ஒதுக்கிவைக்காதீர்கள். 2024 ஜூலையிலிருந்து பல பெண்கள் கெய்மன் மீது பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகளை முன்வைத்தார்கள். சம்மதமில்லாமல் எதுவும் நடக்கவில்லை என்று அவர் மறுத்திருக்கிறார். அவருடைய சில படைப்புகளைப் பதிப்பாளர்களும் படத் தயாரிப்பாளர்களும் கைவிட்டுவிட்டார்கள். அவர் எழுதியதை இனிப் படிப்பதா வேண்டாமா என்பது ஒவ்வொருவரும் தனக்குத்தானே எடுக்கவேண்டிய முடிவு. எங்கள் வட்டத்திலும் படிக்கமாட்டேன் என்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நாங்கள் வற்புறுத்துவதில்லை.

'ஒலிம்பஸ்' அப்படி எப்படித்தான் முடிகிறது?

(முடிவு முழுவதும் இங்கே இருக்கிறது.)

ஜானி பேட்ஸ் ஒரு காலத்தில் கூட வந்த பையன். மாவீர உடம்பிலேயே வளர்ந்து, கொடியவனாகி, ஒரு கட்டத்தில் வாய்தவறிச் சொன்ன ஒரு சொல்லால் பழையபடி 13 வயதுப் பையனாகிவிடுகிறான். அந்தப் பையன் நல்லவன். தனக்குள்ளே இருப்பவன் வெளியே வந்துவிடக் கூடாதென்று நடுங்குகிறான். விடுதியில் பெரிய பையன்கள் அவனைச் சித்திரவதை செய்கிறார்கள். கடைசியில் தாங்கமுடியாமல் சொல்லைச் சொல்லிவிடுகிறான். லண்டன் சுடுகாடாகிறது. சண்டை எப்படியோ முடிந்து, எதிரே நிற்பது மறுபடியும் அழுகிற சின்னப்பையன்தான். மிராக்கிள்மேன் அவனை அணைத்துக்கொண்டே கொல்கிறார். இதை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான பகுதி. மிராக்கிள்மேனும் அவருடைய கூட்டாளிகளும் உலகத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். அணுகுண்டுகளை ஒழிக்கிறார்கள், காசு என்பதே இல்லாமல் செய்கிறார்கள், பசியைப் போக்குகிறார்கள். பிரதமர் தாட்சர் தடுக்க வழி தெரியாமல் உடைந்துபோகிறார். அழிந்த லண்டனுக்கு மேலே வானளாவ ஒரு மாளிகை எழும்புகிறது. எல்லாம் நன்மைக்குத்தான். யாரும் யாரையும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மேட்டில் தொரையின் பங்களா, பள்ளத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம். நல்ல தொரைமார் இருந்த தோட்டங்களும் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியில் லொறி அனுப்புவார், கோயில் திருவிழாவுக்குக் காசு கொடுப்பார், கணக்குப்பிள்ளை பேரை வெட்டி நாள் சம்பளத்தை மறுத்தால் கூப்பிட்டுக் கேட்பார். வயதானவர்கள் இன்றைக்கும் அப்படிப்பட்டவரைப் பெயர் சொல்லிப் புகழ்வார்கள். ஆனாலும் முடிவெல்லாம் பங்களாவில் எடுத்தது, காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று கேட்டுக்கொண்டது. எங்கள் வட்டத்தில் ஓர் அக்கா 'ஒலிம்பஸ்' படித்துவிட்டு, "பெரிய தொரை எவ்வளவு நல்லவரா இருந்தா என்ன, தொரைதானே" என்றார். இந்தத் தொகுதி பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அதுதான்.

இன்னும் மேலே போய்ப் பார்த்தாலும் அதே நிலைதான். 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியா இரண்டின் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எங்கள் ஆட்களைப் பிரித்து எழுதினார்கள். அந்தப் பட்டியலில் இருந்தவர்களிடம் யாரும் போய்க் கேட்டதில்லை. மேலே இருப்பவர் கெட்டவராக இருந்தால்தான் ஆபத்து என்றில்லை. கீழே இருப்பவரின் வாய்க்கு மதிப்பில்லாமல் போவதே போதும். மற்ற மகாவீரர் கதைகள் இந்த இடத்துக்கு வருவதற்குள் முடிந்துவிடும். மூர் இங்கேதான் நின்று நிதானமாக எழுதுகிறார்.

கடைசியில் மிராக்கிள்மேன் லிஸ்ஸைப் போய்ப் பார்க்கிறார். உன்னையும் எங்களைப் போல ஆக்கிவிடலாம், நோயில்லை, முதுமையில்லை என்கிறார். அவள் வேண்டாமென்று சொல்லி, மனிதனாக இருப்பது எப்படி என்பதே உனக்கு மறந்துபோய்விட்டது என்ற பொருளில் பேசி அனுப்பிவிடுகிறாள். சொர்க்கத்தையே கட்டிவிட்ட அவருக்கு, அவள் ஏன் மறுத்தாள் என்பது மட்டும் விளங்கவில்லை. அந்த யோசனையோடு கதை முடிகிறது. 'டார்க் ஏஜ்' வராமலே போனாலும் ஒன்றும் குறையாது என்று நான் சொல்வது இந்த முடிவை நம்பித்தான்.

'கோல்டன் ஏஜ்' படிக்கலாமா, விட்டுவிடலாமா?

முதல் கதையை மட்டுமாவது படித்துப் பாருங்கள். மாளிகையின் உச்சிவரை நாட்கணக்கில் படியேறி வரம் கேட்கப் போகிறவர்கள் கதை. மயக்கத்திலேயே கிடக்கும் மகளுக்காக ஓர் அப்பா அத்தனை படியும் ஏறிப்போய்க் கேட்கிறார். கிடைப்பது "முடியாது" என்ற ஒரே பதில். மேலே சொன்ன பங்களா விஷயத்தைக் கீழேயிருந்து பார்த்த மாதிரி இருக்கும். பக்கிங்ஹாம் கதைக்குக் கதை சித்திர பாணியை மாற்றியிருக்கிறார். 'சில்வர் ஏஜ்' மெதுவாகப் போகிறது; கூட வந்த இன்னொரு பையனான, செத்துப் பிழைத்து வந்த யங் மிராக்கிள்மேன் இந்தப் புது உலகத்தில் ஒட்டமுடியாமல் தவிப்பதுதான் அதன் மையம்.

அட்டையில் ஆலன் மூர் பெயரே இல்லையே, போலிப் பதிப்பா?

இல்லை, அசல்தான். தன் பெயரைப் போடவேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டதால் மார்வெல் பதிப்பில் 'மூல எழுத்தாளர்' என்று மட்டும் இருக்கும்.

இரும்புக்கை மாயாவிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கதையில் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே ஊர்ச் சரக்கு. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் முதல் வெளியீடாகத் தந்த இரும்புக்கை மாயாவி, 1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கியவர். மார்வெல்மேன் நிற்கப்போகிற நேரத்தில் மாயாவி வந்தார். இரண்டும் சிறுவர்கள் சில்லறை கொடுத்து வாங்கிய மலிவுக் காகித இதழ்கள். மாயாவி மட்டும் கப்பலேறி நம் பக்கம் வந்து, பேருந்து நிலையக் கடைகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும் கிடைத்து, அட்டை கிழிந்த பிறகும் லயத்துக்கு லயம் சுற்றினார். அவரைத் தெரிந்தவர்களுக்கு மோரனின் பழைய நினைவுகள் எந்த மாதிரிக் கதைகள் என்பது உடனே பிடிபடும்.

தமிழில் இருக்கிறதா?

இல்லை. ஆங்கிலம் கடினமாக இருந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். முதல் தொகுதியின் நடை பாரமாக இருக்கும், போகப்போகப் பழகிவிடும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கவேண்டாம். 9ஆம் இதழில் பிரசவம் எதையும் மறைக்காமல் வரையப்பட்டிருக்கிறது. அதைத் தப்பென்று நான் நினைக்கவில்லை, அழகாகவே செய்திருக்கிறார்கள். பயம் 15ஆம் இதழைப் பற்றித்தான். லண்டன் அழிவில் மனித உடம்புகளைச் சிதைத்திருக்கும் விதம் பெரியவர்களையே உலுக்கும். விடுதியில் ஜானிக்கு நடக்கும் பாலியல் வன்முறையும் உண்டு. உயர்தரம் முடித்தவர்களுக்குக் கூட முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நான் இரவல் கொடுப்பது.

மலைநாட்டில் இருந்துகொண்டு எப்படி வாங்குவது?

2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் அந்த மே மாதமே 360ஐத் தொட்டது. அதற்குப் பிறகு வெளிநாட்டுப் புத்தகம் என்பது வீட்டில் கேட்டுச் செய்யவேண்டிய செலவாகிவிட்டது. அதனால் கூட்டாக வாங்குங்கள். மூரின் கதை முழுவதும் 'தி ஒரிஜினல் எபிக்' என்ற பெயரில் ஒரே சாதா அட்டைப் புத்தகமாக வந்திருக்கிறது, அது போதும். ஆம்னிபஸ் என்ற தடித்த கெட்டி அட்டைப் பதிப்பு அழகுதான், ஆனால் விலையும் கனமும் அதிகம், கையில் பிடித்துப் படிக்க முடியாது. எக்லிப்ஸ் காலத்துப் பழைய இதழ்களைச் சேகரிப்பாளர்களுக்கு விட்டுவிடுங்கள்.

லயத்து முகவரிக்குப் பார்சல் வரவைக்காதீர்கள். தனி முகவரி இல்லாத வீடுகளுக்கு வரும் தபால் தோட்ட அலுவலகம் வழியாகத்தான் வருகிறது. அங்கே நாட்கணக்கில் கிடந்து, மூலை மடங்கி, சில சமயம் யாருக்கென்றே தெரியாமல் திரும்பிப் போயிருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கமும் முகவரியும் கிடைக்கவேண்டும் என்று எத்தனையோ காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது கிடைக்கும்வரை டவுனில் தெரிந்த கடையொன்றின் முகவரியைக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

மழைக்காலத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றனவே?

மார்வெல் பதிப்பின் வழுவழுத் தாள் ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், பிரித்தால் மை உரிந்து வரும். மே தொடங்கிக் காற்றோடு மழை பிடித்தால் சுவரோரம் புத்தகம் வைக்கவே கூடாது. மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில், துணியில் முடிந்த காய்ந்த அரிசியோடு வையுங்கள். அரிசியை வாரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது, ஆனால் புகைபட்டுத் தாள் பழுப்பாகிவிடும். ஒட்டிவிட்ட பக்கத்தை இழுக்காதீர்கள். வெயில் நேரடியாகப் படாத, காற்றோட்டமான இடத்தில் விரித்து வைத்து, தானாக விட்டுக்கொடுக்கும்வரை பொறுங்கள்.

உங்கள் பிரதி இரவல் கிடைக்குமா?

கிடைக்கும். எடுத்தவர் படித்து முடித்ததும் அடுத்தவர் பெயரை எனக்குச் சொல்லிவிட்டுக் கொடுத்தால் போதும். 'ஒலிம்பஸ்' வரை படித்தவர்களுக்குத்தான் கெய்மன் தொகுதிகளைக் கொடுப்பேன், அந்த வரிசையை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.